அப்பாவின் பெயருக்கு வந்த பில்

அப்பா இறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், "தங்கள் சிகிச்சைக் கட்டண நிலுவையை உடனே செலுத்தவும்" என்று அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. மறுநாள் தொலைபேசியில் அழைத்த வசூல்காரர், அனுதாபம் தெரிவித்த அதே மூச்சில், "அப்பா பேர் கெடக் கூடாது பாருங்க, கொஞ்சமாவது கட்டிடுங்க" என்றார். துக்க வீட்டில் அந்தச் சொல் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பல நாட்டுச் சட்டங்களில் இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். அது போதாதபோது, பொறுப்பேற்றுக் கையெழுத்திடாத பிள்ளைகள் சொந்தப் பணத்தைத் தரக் கடமைப்பட்டவர்கள் அல்லர். சொத்தை ஏற்பவர் கடனையும் சேர்த்தே ஏற்கும் சட்டங்களும் இருப்பதால், எதையும் பெற்றுக்கொள்வதற்கு முன் கணக்குப் பார்ப்பது நல்லது.

எனக்குப் பயமாக இருந்தது மருத்துவமனைச் சேர்க்கைப் படிவம்தான். நள்ளிரவில், படிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, என் கையெழுத்து 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் இருந்தது. 'கட்டணப் பொறுப்பாளர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. விவரப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கினேன். அதில், அப்பா இறந்ததற்கு மறுநாளுக்கும் படுக்கைக் கட்டணம் போட்டிருக்கிறார்கள்.