பிளேஸ்டேஷன் 5-இல் சேர்ந்த ஆட்டப் பதிவுகளை வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றிய அனுபவம்

கார் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 7 ஆடும்போது நல்ல சுற்று ஒன்று அமைந்துவிட்டால் உடனே கட்டுப்பாட்டுக் கருவியின் கிரியேட் பொத்தானை அழுத்திக் காணொளிப் பதிவைச் சேமித்துக்கொள்வது என் வழக்கம். நூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃபே தடம் 20 கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது; வேகமான கார்களுக்கே ஒரு சுற்று முடிய ஏழெட்டு நிமிடம் ஆகிவிடுவதால், பதிவுகளும் அதற்கேற்ப நீண்டுவிடுகின்றன. 2020-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 முதல் மாடலின் 825 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் நம் பயன்பாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 667 ஜிபி மட்டுமே. கூடுதலாக எம்.2 எஸ்எஸ்டி பொருத்தினாலும் பதிவுகள் கன்சோலின் சொந்தச் சேமிப்பகத்திலேயே தங்குகின்றன என்பதால், அவற்றை வெளியே எடுத்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதையும் நகலெடுக்கும் முன் மீடியா கேலரியைத் திறந்து, அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நாம் கேட்காமலே சேர்ந்தவை அதில் ஏராளமாக இருக்கும். ஆட்டத்தில் ஓர் இலக்கை எட்டியதற்கான கோப்பை (டிராஃபி) கிடைக்கும்போதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டும் சிறு காணொளியும் தானாகவே சேமிக்கப்படும் வசதி இயங்கிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். ‘கேப்சர்ஸ் அண்ட் பிராட்காஸ்ட்ஸ்’ அமைப்பில் அதை நிறுத்திவிட்டு, வேண்டாதவற்றை அழித்த பிறகே மாற்றும் வேலையைத் தொடங்கினேன். வெண்கலக் கோப்பை கிடைத்த நொடியை யாரும் பத்தாண்டுகள் கழித்துத் திரும்பப் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது ஹார்டு டிஸ்கின் வடிவமைப்பு. பதிவுகளை நகலெடுக்க வெளி டிரைவ் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபாட் வடிவில் இருக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் இதற்கு உதவாது. எஃப்ஏடி32-இல் ஒரு கோப்பு 4 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. 4கே தரத்தில் ஒரு மணி நேரம் ஓடும் பதிவு அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும் என்பதால் எக்ஸ்ஃபாட்தான் பொருத்தமானது. விளையாட்டுகளை நிறுவிவைப்பதற்கென்று கன்சோலே வடிவமைத்துக்கொள்ளும் ‘எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்’ டிரைவ் வேறு வகை. கணினியால் அதைப் படிக்க முடியாது, பதிவுகளை அதற்கு அனுப்பவும் இயலாது. விளையாட்டுகளுக்கு ஒன்று, பதிவுகளுக்கு ஒன்று என இரண்டு டிரைவ்களை வைத்துக்கொண்டு, குழப்பம் வராதபடி அவற்றின் மேல் சிறு சீட்டு ஒட்டிவிட்டேன்.

டிரைவை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். முதல் மாடலின் முன்பக்கத்தில் இருக்கும் செவ்வக வடிவ யுஎஸ்பி-ஏ துளை பழைய ஹை-ஸ்பீடு வகை. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது கணக்குப்படி 60 எம்பி. நடைமுறையில் அதுவும் கிடைக்காது. அதன் அருகிலுள்ள யுஎஸ்பி-சி துளையும் பின்பக்கத் துளைகள் இரண்டும் நொடிக்கு 10 கிகாபிட் வரை செல்லக்கூடியவை. நூறு ஜிபி பதிவை முன்பக்க ஏ துளை வழியாக அனுப்பினால், ஏட்டுக் கணக்கிலேயே அரைமணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகும். கைக்கு எளிதாக எட்டுகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பதைவிட, டிவி அலமாரியைச் சற்று நகர்த்திப் பின்பக்கம் செருகிவிடுவதே நல்லது.

நகலெடுக்கும் வேலை எளிமையானது. மீடியா கேலரியில் பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் குறியை அழுத்தி, வேண்டியவற்றுக்கு டிக் போட்டு, யுஎஸ்பி டிரைவுக்கு நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்தால் போதும். டிரைவில் ‘பிஎஸ்5’ என்ற கோப்புறையும், அதற்குள் ‘கிரியேட்’ என்பதும், அதற்கடியில் காணொளிகளுக்கும் ஸ்கிரீன்ஷாட்களுக்கும் தனித்தனிக் கோப்புறைகளும் உருவாகி, ஆட்டத்தின் பெயர் வாரியாகப் பதிவுகள் அடுக்கப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பாமல் ஆட்டம் ஆட்டமாக அனுப்பினேன். இடையில் எங்காவது நின்றுபோனால் எதுவரை வந்திருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. விளையாட்டின் சேமிப்புத் தரவு இந்த வழியில் வராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிஎஸ்5 விளையாட்டுகளின் சேமிப்புத் தரவை, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடுக்கு அனுப்பலாம். யுஎஸ்பிக்குத் தனியாக எடுக்க முடியாது. காணொளிகளுக்கு எந்தச் சந்தாவும் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் கன்சோலில் ஒரு ஜிபிகூடக் காலியாகியிருக்காது. நடப்பது நகலெடுப்புதானே தவிர இடமாற்றம் அல்ல. மூலப் பதிவை நாமே தனியாக அழிக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சிலர் தொல்லை என்பார்கள், நான் வசதி என்பேன், ஏனெனில் சரிபார்க்க நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான். டிரைவைக் கணினியில் இணைத்து ஒவ்வொரு காணொளியையும் விஎல்சி என்னும் காணொளி இயக்கியில் திறந்து, கடைசிப் பத்து நொடிகளுக்குத் தாவிப் பார்த்தேன். கார் முடிவுக் கோட்டைத் தாண்டி வேக அளவி மெல்ல இறங்குவது வரை படமும் ஒலியும் தடையின்றி வந்தால்தான் அந்தக் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கோப்பின் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்துவிட்டு அழிப்பது எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்ஃபாட்டில் என்டிஎஃப்எஸ்ஸைப் போல மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏற்பாடு இல்லை என்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் அசைந்தாலோ மின்சாரம் போனாலோ கோப்பு கெட்டுவிட வாய்ப்புண்டு. கணினியிலிருந்து கழற்றும்போதும் ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கக் கூடாது.

வெளியே வந்த கோப்புகளில் ஒரு பகுதி வெப்எம் வடிவில் இருந்தது. கன்சோலில் 4கே தரம் வேண்டுமானால் வெப்எம்தான். எம்பி4 1080பி-யோடு நின்றுவிடும். வெப்எம்மை விஎல்சி சிரமமின்றி ஓட்டினாலும், வெட்டி ஒட்டும் மென்பொருள்கள் சில அதை ஏற்பதில்லை. அவற்றுக்காக ஹேண்ட்பிரேக் என்னும் காணொளி மாற்றி மென்பொருளில் எம்பி4-ஆக மாற்றிய பிரதிகளைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, மூல வெப்எம்மை அப்படியே விட்டுவைத்தேன். மாற்றும்போதெல்லாம் தரம் சற்றுக் குறையும் என்பதால் மூலத்தை அழிப்பதில் அர்த்தமில்லை.

இப்போது அன்றாட ஆட்டத்துக்கு எம்பி4 என்றும், நிதானமாகத் திட்டமிட்டு ஓட்டும் நோர்ட்ஷ்லைஃபே சுற்றுகளுக்கு மட்டும் 4கே வெப்எம் என்றும் அமைத்திருக்கிறேன். கன்சோலிலிருந்து அழித்த பதிவுகளுக்கு அந்த ஒற்றை ஹார்டு டிஸ்கே இப்போது உறைவிடம் என்பதால், அடுத்து அதே கோப்புறைகளை இன்னொரு டிரைவிலும் பிரதியெடுத்து, இரண்டு பிரதிகளும் ஒன்றா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு மதிப்புகளையும் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கிறேன்.