ஸ்காபரோவில் 211க்கு எடுத்த அனுபவம்

கட்டடத்தின் லொபியில் நின்ற காவலாளி மேல் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. 211 என்ற எண்ணுக்கு எடுத்ததும் பொலிஸுக்குப் பதிலாக உதவிக்கு வந்த மனநல நெருக்கடிப் பணியாளர்கள் இருவரையும், சீருடை இல்லை, யாரென்று தெரியாது என்று வாசலிலேயே மறித்துவிட்டார். மேலே தம்பி அறையைப் பூட்டிக்கொண்டு, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறான். அம்மாவைக் கதவடியில் விட்டுவிட்டு நான் இறங்கிப்போய்ச் சண்டை பிடித்துத்தான் அவர்களை மேலே கூட்டி வந்தேன். வீட்டில் இன்னொருவர் இருந்தால் முன்கூட்டியே கீழே அனுப்பி வையுங்கள்.

போன முறை அயல்வீட்டுக்காரர் 911க்கு அடித்து, பொலிஸ் விலங்கு போட்டு அவனைக் கொண்டுபோனதைத் தளமே நின்று பார்த்தது. அன்றிலிருந்து வைத்தியசாலை என்றாலே அவனுக்கு நடுக்கம். அதனால்தான் இம்முறை 211. அந்த எண்ணில் கிடைப்பது ரொறன்ரோ சமூக நெருக்கடிச் சேவை (Toronto Community Crisis Service), 2022இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2024இல் நகரம் முழுவதற்கும் விரிந்தது. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 24 மணி நேரமும், இலவசம்.

ஃபோனில் நிறையக் கேட்பார்கள்: ஆயுதம் இருக்கிறதா, யாரையும் அடித்தானா, மருந்தை எப்போது விட்டான். உயிராபத்து என்றால் விசயம் 911 பக்கம் போய்விடும், அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கத்துகிறவனைப் பதற்றத்தில் அடிக்க வருகிறான் என்று சொல்லிவிடாதீர்கள். அம்மாவுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். லைனில் எடுத்தார்கள், ஆனால் காத்திருக்க வேண்டும், அதுவரை ஃபோனை வைத்துவிடாதீர்கள்.

வந்தவர்களில் ஒரு பெண் அறை வாசலில் நிலத்திலேயே இருந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். கனநேரம் சத்தமில்லை. பிறகு உள்ளேயிருந்து, "அம்மாட்ட ரீ போடச் சொல்லுங்கோ" என்றான். ரீ ஆறிய பிறகுதான் கதவு திறந்தது, ஆனால் திறந்தது!

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அவன் வேண்டாம் என்றால் இவர்கள் வற்புறுத்த மாட்டார்கள். சமாதான நீதவானிடம் போய் இரண்டாம் படிவம் (Form 2), அதாவது அவனை வைத்தியர் பரிசோதிக்கக் கொண்டுபோகும் உத்தரவு, எடுக்கலாம், ஆனால் அதை நிறைவேற்றப் பொலிஸ்தான் வரும்.

48 மணி நேரத்துக்குள் திரும்ப எடுத்து விசாரித்தார்கள். குடும்ப வைத்தியரின் வரவேற்பில் இருப்பவர் என்னிடம் ஒரு மாதம் கழித்துத்தான் இடம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார். அந்தப் பெண் பேசியதும் அடுத்த வாரமே கிடைத்தது. தொடர்ந்து உதவி வேண்டுமா என்று கேட்டால் உடனே ஓம் என்று சொல்லுங்கள்.