வாத்து கா கா என்கிறது

நவம்பர் 3
ஹார்ட் டிஸ்க்கைச் சரிசெய்யக் கொடுத்த கடையிலிருந்து போன் இல்லை. மழை.

நவம்பர் 4
இன்றும் இல்லை. வீட்டைக் காலி செய்ய 26 நாள்தான் இருக்கிறது. பெட்டி கட்டாமல், பதினேழாம் நூற்றாண்டுக் கல்வியாளர் கொமேனியஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பன்னிரண்டு வயதுவாக்கில் பெற்றோர் இரண்டு பேரும் போய்விட்டார்கள். பிறகு இன்றைய செக் நாட்டிலுள்ள ஃபுல்னெக் ஊரில் சகோதரர் சபை என்ற புராட்டஸ்டன்ட் திருச்சபையின் போதகர், பள்ளியும் அவர் பொறுப்பு. 1621இல் படை வந்து ஊரைச் சூறையாடியது. மறுவருஷம் கொள்ளைநோயில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். 1628இல் நாடே போயிற்று. போலந்தில் லெஷ்னோவில் அகதியாக உட்கார்ந்துகொண்டு, பெண்பிள்ளைக்கும் ஏழைப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பள்ளி என்று எழுதுகிறார். எப்படி ஐயா முடிந்தது?

நவம்பர் 6
போன் வந்தது. ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறதாம், படிக்க முடியவில்லையாம். இன்னும் ஒரு வாரம். போன வாரமும் இதேதான்.

நவம்பர் 7
ராத்திரி 2 மணி. 44 வருஷம். 1612இல், இருபது வயதில், கொமேனியஸ் ஆரம்பித்த செக் மொழி அகராதி. 1656இல் லெஷ்னோ எரிந்தபோது அதுவும் எரிந்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட என் எழுத்து ஆறு வருஷம். ஆறையும் நாற்பத்துநாலையும் பக்கத்தில் வைப்பது அசிங்கம், தெரியும். ஆனால் கணக்கு தானாக ஓடுகிறது.

எரிந்தாலும் எழுந்து நின்றார் என்கிறார்கள். சாகும்வரை இதற்காகத் துக்கப்படுவேன் என்று அவரே கடிதம் எழுதியிருக்கிறார். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

நவம்பர் 9
அம்மா: "எல்லாம் தலையிலதானே இருக்கு, திரும்ப எழுதிக்கோயேன்." போனை வைத்துவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டேன்.

நவம்பர் 10
1658, நியூரம்பெர்க்கில் அவருடைய படப் புத்தகம் அச்சாகிறது. சரி, தீக்கு அப்புறம் இரண்டே வருஷம் என்று துள்ளினேன். எழுதியது தீக்கு முன்பே, ஹங்கேரியில், சாரோஷ்பட்டாக்கில் பள்ளி நடத்தியபோது. துள்ளல் போயிற்று.

ஆனால் அதன் எழுத்துப் பாடம்! ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம். காக்கை 'ஆ ஆ', ஆட்டுக்குட்டி 'பே'. வாத்துதான் 'கா கா'. நம்மூர்க் காக்கை கேட்டால் சண்டைக்கு வரும்.

நவம்பர் 13
மூன்று பெட்டி.

நவம்பர் 15
அவர் இறந்த நாள், 1670. வேலை முடிந்து ரயிலேறி நார்டன் போனேன். செக் நாட்டு மொராவியாவில் பிறந்தவருக்கு, ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில், நட்சத்திர வடிவக் கோட்டைக்குள் கல்லறை. போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிட்டார்கள். வெளியே நின்றேன். என்ன கேட்கப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. இருட்டில், அகழியில் வாத்துச் சத்தம். 'கா கா' என்று சத்தியமாக இல்லை.

நவம்பர் 16
கடையிலிருந்து போன். நாளைக் காலை நேரில் வரவேண்டுமாம். நல்ல செய்தியா என்று கேட்டேன். நேரில் வாருங்கள் என்றார்.