மழைக்குள் பிறேக் வேலையும் 303ஆம் பிரிவும்

ஐப்பசி, கார்த்திகையில் திருகோணமலையில் கார் வேலைக்கு இறங்குகிறவர்கள் வானத்தை நம்பி எதையும் கழற்றக்கூடாது. காலையில் உப்புவெளிப் பக்கம் வெயில் எறிக்கும், பின்நேரம் இடியோடு ஊற்றும். எந்த நேரம் மழை வந்தாலும் பத்து நிமிடத்தில் மூடக்கூடிய அளவுக்கு மட்டும் திறவுங்கள். சனி, ஞாயிறு வேலைக்கு இதுதான் முதல் ஒழுங்கு. காரை ஓடும் நிலையில் வைத்திருப்பது ஏன் அவசியம் என்பதைச் சொல்ல, கடைசியில் கருக்கலைப்பைப் பற்றிய 303ஆம் பிரிவுக்கும் வருவேன்.

பிறேக் பாட் மாற்றுவதை எடுப்போம். ஒரு பக்கச் சில்லை மட்டும் கழற்றுங்கள். மற்றப் பக்கம் பூட்டியபடி இருந்தால், கிளிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே மாதிரி. சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஈர மணலில் காரைத் தூக்கும் ஜக் தாழும். அடியில் தடித்த பலகை போட்டு, தூக்கியதும் ஸ்டான்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்குக் கீழே போகக்கூடாது.

சிறிய ஜப்பான் கார்களில் காலிப்பரின் (பாட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிடியின்) கீழ் போல்ற்று பெரும்பாலும் 12 அல்லது 14 மில்லிமீற்றர் சாவிக்குக் கழலும். காலிப்பரை மேலே மடித்துப் பாட்டைப் பாருங்கள். 3 மில்லிமீற்றருக்குக் கீழ் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். உள்பாட் தேய்ந்து, வெளிப்பாட் தடிப்பாகவே இருக்கிறதா? அப்படியென்றால் காலிப்பர் சறுக்கும் பின் (pin) இறுகியிருக்கிறது. கடற்கரை ஊரில் இது வழமை. ரப்பர் உறை வெடித்த இடத்தால் உப்பு ஈரம் உள்ளே போய்விடும். பின்னை இழுத்தெடுத்தால் நடுவில் ஒரு வளையமாகக் கபிலத் துரு தெரியும். அதை எமரிக் கடதாசியால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும். அதன் பிறகு பின் முன்னையைவிட மோசமாக இறுகும். புதுப் பாட் போட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது என்று மெக்கானிக் பாஸிடம் வருகிற கார்களில் பல இந்தப் பின்னைக் கவனிக்காமல் விட்டவை.

டிஸ்க்கில் மழை பட்டால் பயமில்லை. மெல்லிய துரு படியும், நாலைந்து தரம் மிதிக்கப் போய்விடும். பிறேக் எண்ணெயில்தான் கவனம் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும். டொட் 3 (DOT 3) தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கந்தளாய் வீதியில் லொறிக்குப் பின்னால் மிதித்து மிதித்துப் போகும்போது உள்ளே ஆவி கட்டினால் பெடல் அடிவரை போகும். மழைநாளில் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறக்க வேண்டாம், திறந்து வைத்த பழைய போத்தலையும் பாவிக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுகிற வேலையைக் கச்சான் காற்று அடிக்கும் வரண்ட மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட் பூட்டியதும் கார் அசையமுன் பெடலை இறுகும்வரை மிதியுங்கள். புதுப் பாட்டுக்கு இடம்விடக் காலிப்பர் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி வெறுமையாகப் போகும். இதை மறந்தவர்கள்தான் வீட்டு மதிலில் மோதுகிறார்கள்.

பற்றரி: ஓடாமல் ஓர் இரவு நின்ற காரில் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். முனையில் பூத்த வெள்ளைப் பொடியை அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீரால் கழுவி, காய்ந்ததும் வசலின் பூசுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது கடைசியில்.

வைப்பருக்குக் கீழுள்ள தட்டியில் வேப்பிலை அடைத்திருந்தால் மழைநீர் வடியாமல் கால் விரிப்புக்குள் வரும். கையால் அள்ளுங்கள், போதும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைகளில் ஓடக்கூடிய ஒரு கார் அந்த ஒழுங்கைக்கே அம்புலன்ஸ். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இரவில் நோயாளியை நகருக்குக் கொண்டுவரப் பாதை (வாகனம் ஏற்றும் மிதவைப் படகு) ஏற வேண்டியிருந்தது. இன்று பாலம் இருக்கிறது, 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. ஆனாலும் கரு கலைந்து இரத்தப்போக்கோடு கிடக்கும் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வருகிறாள். அந்தத் தாமதம் வீட்டுக்குள், சட்டத்தின் மீதான பயத்தில் தொடங்குகிறது.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்வதைத் தவிர்ந்த கருக்கலைப்பு குற்றம். மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள். வன்புணர்வால் கருவுற்றவளுக்கும், பிறந்தாலும் பிழைக்காத கருவைச் சுமப்பவளுக்கும் விலக்கு இல்லை. 1995இல் ஒரு திருத்தம் வந்து கைவிடப்பட்டது. 2017இல் இந்த இரண்டு நிலைமைகளுக்கும் அமைச்சரவை இணங்கியும் சட்டமாகவில்லை.

கருவும் உயிரே என்று நம்புகிறவர்களின் மனச்சாட்சியை மதிக்கிறேன். ஆனால் கொடுமைக்கு உள்ளான ஒரு சிறுமியை அந்தக் கருவைச் சுமந்துதான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை என்னால் ஏற்கமுடியாது. சட்டத்தை இறுக்கிய நாடுகளில் கருக்கலைப்பு குறைந்ததாக உலக அளவிலான கணிப்புகள் காட்டவில்லை. ஆபத்தான முறைகளின் பங்குதான் அங்கே கூடுதல். அந்த இரண்டு விலக்குகளையாவது பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும்.

அதுவரை வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை சில. அவசர கருத்தடை மாத்திரை, உடலுறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள், முந்த முந்த நல்லது. அது கருத்தரிப்பைத் தடுக்கும், தங்கிய கருவைக் கலைக்காது. கரு கலைந்தபின், அது தானாகக் கலைந்தாலும் கலைக்கப்பட்டாலும், மணிக்கு இரண்டு மாதவிடாய்ப் பாட் வீதம் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்தால், காய்ச்சலும் துர்நாற்றமும் இருந்தால், மயக்கம் வந்தால் விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. கலைந்தபின் வைத்தியம் பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. கிண்ணியா, மூதூர் தள வைத்தியசாலையோ, திருகோணமலைப் பொது வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். பின்சீற்றில் படுக்கவைத்துக் கால்களைத் தலையணையில் உயர்த்துங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு கொடுக்க வேண்டாம். எத்தனை பாட் நனைந்தது என்று எண்ணி வையுங்கள். மாத்திரை ஏதும் எடுத்திருந்தால் அதன் உறையையும் டொக்டரிடம் கொடுங்கள்.