எஸ்சி கமிஷனுக்கு மனு போட்ட கதை

அக்கா வடசென்னையில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இன்னும் சர்வீஸ் பாக்கி இருப்பதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எஸ்சி ஒதுக்கீட்டில் வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போனது. எழுதிக் கேட்டதற்கு, அந்த ஒதுக்கீட்டில் இப்போது இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் ரிட்டையரான சங்கத்து அண்ணன் ஒருவர் உண்டு. கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கெடக்கட்டும்மா, ரோஸ்டர் எங்க?" என்றார்.

ரோஸ்டர் என்பது எந்த இடம் யாருக்கு என்று எழுதி வைக்கும் பதிவேடு. 1997 முதல் மத்திய அரசுப் பணிகளில் காலியிடங்களை வைத்து அல்ல, மொத்தப் பதவிகளை வைத்து இதைப் போடுகிறார்கள். எஸ்சிக்கு 15 சதவீதம். ஒரு பதவிக்கு 0.15 என்று கூட்டிக்கொண்டே போனால் 7-ஆவதில் கணக்கு ஒன்றைத் தாண்டும். முதல் எஸ்சி புள்ளி அது. 14-இல் அடுத்தது வர வேண்டும், ஆனால் எஸ்டியின் ஏழரை சதவீதமும் அங்கேதான் ஒன்றைத் தொடுகிறது. அதனால் 14 எஸ்டிக்கு, 15 எஸ்சிக்கு. அண்ணன் இதைப் பழைய கேலண்டரின் பின்பக்கம் பென்சிலால் போட்டுக் காட்டினார். இத்தனை வருடமாக ஒரே ஆபீசில் இருக்கும் அக்காவுக்கே அன்றுதான் இது தெரிந்தது.

10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து தகவல் உரிமைச் சட்டத்தில் ரோஸ்டர் நகல் கேட்டோம். ஓரம் வெட்டுப்பட்ட ஜெராக்ஸ் வந்தது. 15-ஆம் புள்ளிக்கு எதிரே பொதுப் பிரிவுக்காரர் ஒருவரின் பெயர். மற்ற எல்லா வரியிலும் கடைசிக் கட்டத்தில் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, அந்த வரியில் மட்டும் இல்லை. ஒதுக்கீட்டு இடத்தைப் பொதுவாக்க எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அந்த உத்தரவின் நகலையும் கேட்டிருந்தோம். அதற்குப் பதிலே இல்லை.

மத்திய அரசு நிறுவனம் என்பதால் எஸ்சி மக்களுக்கான தேசிய ஆணையத்துக்குப் போனோம். தமிழ்நாட்டுக்கென்று 2021-இல் தனி ஆணையம் வந்திருக்கிறது, மாநில அரசு அலுவலகப் பிரச்சினை என்றால் அங்கே போகலாம். தேசிய ஆணையத்தின் சென்னை அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து ஆன்லைனிலும் மனு போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மொட்டைக் கடுதாசி செல்லாது. கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயத்தைத் தொட மாட்டார்கள். சாதிச் சான்றிதழ் நகல், ஏற்கெனவே அனுப்பிய கடிதங்கள், வந்த பதில்கள் எல்லாம் இணைக்க வேண்டும்.

மனுவில் அக்கா மனக்குமுறலைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அத்தனையும் உண்மைதான். அண்ணன் அதில் பெரும்பகுதியை அடித்துவிட்டார். "நியாயம் வேணும்னு எழுதினா, பரிசீலிக்கிறோம்னு பதில் வரும். 15-ஆம் புள்ளியை மாத்தின ஆர்டர் வேணும்னு எழுது. அத அவங்க தேடித்தான் ஆவணும்."

அந்தப் பேச்சுக்கு அரசியலமைப்பிலேயே இடம் இருக்கிறது. 338-ஆம் பிரிவின்படி, விசாரணைக்காக ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் தடை உத்தரவு போட முடியாது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் எஸ்சி, எஸ்டி ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கமிஷனுக்குப் பல் இல்லை என்று நம் ஆட்கள் சலித்துக்கொள்வது இதனால்தான். எனக்கு முழு உடன்பாடில்லை. பூட்டிக் கிடக்கும் பீரோவைத் திறக்க வைப்பது சின்ன வேலையா?

ஆணையத்திலிருந்து நிறுவனத்துக்கு நோட்டீஸ் போனது. பதில் வராவிட்டால் சம்மன் அனுப்ப நேரிடும் என்று அதிலேயே இருந்தது. நிறுவனம் கொடுத்த பதிலை எங்களுக்கு அனுப்பிக் கருத்து கேட்டார்கள். பத்தி பத்தியாக மறுப்பு எழுதினோம். நடுவில் மாதக்கணக்கில் எதுவுமே நடக்கவில்லை. ஆபீசில் மட்டும், "இன்னாம்மா, டெல்லி வரைக்கும் போய்ட்டியாமே" என்ற விசாரிப்புகள்.

சாஸ்திரி பவனில் விசாரணைக்கு நிறுவனத்தார் ஒரிஜினல் ரோஸ்டரோடு வந்தார்கள். பச்சை அட்டை, நூல் பிரிந்த பைண்டிங். ஆணைய அதிகாரி விரலை 15-ஆம் வரியில் வைத்து, "இங்கே கையெழுத்து எங்கே?" என்று மட்டும் கேட்டார். வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தர் செய்த பிழை என்றார்கள். அப்படியானால் திருத்திவிட்டு எழுத்தில் தெரிவியுங்கள் என்றார். அக்கா பேச ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு போயிருந்தார், அதற்கு அவசியமே வரவில்லை.

ரோஸ்டரைத் திருத்தினார்கள். அடுத்து கூடிய டிபிசியில், அதாவது பதவி உயர்வை முடிவு செய்யும் குழுவில், அக்காவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, ஆனால் அன்றைய தேதியிலிருந்துதான். நியாயமாக வந்திருக்க வேண்டிய தேதிக்குச் சீனியாரிட்டி கேட்டு இப்போது அடுத்த மனு தயாராகிறது. அதில் முதல் கோரிக்கை, அந்தப் பழைய டிபிசி கூட்டத்தின் மினிட்ஸ் நகல்.