பழைய காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? நாங்கள் முடிவெடுத்த விதம்

13 வருடமான எங்கள் காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் அடிப்புறத்தில் வெளிர் பழுப்பு நிறத்தில் நுரைத்த பிசுக்கு. "எஞ்சினே மாத்தணும் சார், இல்லன்னா வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்றார்கள் முதலில் காட்டிய வொர்க்ஷாப்பில்.

இவ்வளவு பெரிய தொகையை ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்ய மனம் வரவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், சிலிண்டர்களுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொன்னேன். நான்கு சிலிண்டர்களில் அடுத்தடுத்த இரண்டில் மட்டும் அழுத்தம் விழுந்திருந்தது, மற்ற இரண்டும் சரியாக இருந்தன. எஞ்சின் மொத்தமாகத் தேய்ந்திருந்தால் நான்கிலுமே குறைந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மட்டும் விழுந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே அடைக்கும் தகடு) எரிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். பழுது பார்க்க ஆகும் செலவு பாதிக்கும் கீழே வந்தது. அப்படியும் அது வண்டியின் விற்பனை விலையில் கணிசமான பங்கு.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "எஞ்சினை விடுங்க சார், முதல்ல அடியில பார்ப்போம்." வண்டியை லிஃப்டில் ஏற்றி, சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் என்று ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்த்தார். சைலன்சர் குழாயில் துரு இருந்தது, அதைப் பொருட்படுத்தவே இல்லை. எடை தாங்கும் இடங்களில் எங்கேயும் தகடு உள்ளே போகவில்லை. போயிருந்தால் அன்றே விற்க முடிவு செய்திருப்பேன். எஞ்சின் பாகங்களை மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸ் அரித்துப்போன வண்டி மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றாது. ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இரண்டும் இல்லாத வண்டியாக இருந்திருந்தாலும் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்காகவே மாற்றியிருப்போம்.

பிறகு கணக்கு. ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிட்டுத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த ஒப்பீடு தவறு என்பது என் உறுதியான எண்ணம். எங்களுக்கு வேண்டியது அடுத்த இரண்டு, மூன்று வருடம் நம்பி ஓட்ட ஒரு வண்டி. அதற்கு எந்த வழியில் எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. புது வண்டி என்றால் கடன் வட்டி, கூடுதல் இன்சூரன்ஸ், முதல் சில வருடங்களில் வேகமாக விழும் மதிப்பு. பழையது என்றால் இந்த ரிப்பேர், டயர், சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ்கள், எதிர்பாராமல் வரும் செலவுக்கு ஒரு தொகை. தாராளமாகவே போட்டோம். அப்படியும் பழையதே தெளிவாகக் குறைவு.

வேலையை ஒப்படைக்கும்போது சில விஷயங்களில் உறுதியாக இருந்தேன். ஹெட்டைக் கழற்றியதும் வளைந்திருக்கிறதா என்று மெஷின் ஷாப்பில் அளக்க வேண்டும், 0.1 மி.மீ. வளைவே பல எஞ்சின்களுக்கு அதிகம், அப்படியே மாட்டினால் புது கேஸ்கெட்டும் நிற்காது. ஹெட்டைக் கழற்ற எப்படியும் டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளின் இயக்கத்தை நேரப்படி ஓட்டும் பெல்ட்) கழற்றுகிறார்கள், ஆகவே பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் கையோடு மாற்றினால் லேபர் ஒரு முறைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கேஸ்கெட் எரியும் அளவுக்கு எஞ்சின் ஏன் சூடானது என்று தெரிய வேண்டும். கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டதுதான் காரணம். அது மிகச் சின்னப் பொருள், ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மொத்தச் செலவும் வீண்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. எதுவரை என்பதையும் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்: கியர்பாக்ஸ் போனாலோ, வருடாந்திரச் சோதனையில் சேஸிஸில் துரு தெரிந்தாலோ மேற்கொண்டு செலவு செய்யாமல் விற்றுவிடுவது. கட்டாமல் மிச்சமாகும் மாதத் தவணையின் ஒரு பகுதி அடுத்த வண்டிக்கென்று தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது.