லைசென்ஸ் இல்லாத மூன்று மாதம்

உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயில் தாண்டினதும் ஈ.சி.ஆர். கொஞ்ச தூரம் நேராகப் போகும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பிப்ரவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம், மணி 6.30 இருக்கும். பிக்கப் வண்டியின் பின்னால் பதினோரு ஐஸ் பெட்டி, எல்லாம் கணவாயும் இறாலும். கருவேல மறைவில் நின்ற ரோந்து வண்டி என் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அவர்கள் என் வேகத்தை அளந்துவிட்டார்கள். கையை நீட்டி ஓரங்கட்டச் சொன்ன காவலர் கருவியைத் திருப்பிக் காட்டினார். 88.

"தம்பி, இந்த ரோட்டுல சரக்கு வண்டிக்கு எவ்வளவுன்னு தெரியுமா?"

"எண்பது சார்."

"அது நாலுவழிச் சாலைக்கு. இதுக்கு அறுபது."

பதினாலு வருசமாக வண்டி ஓட்டுகிறேன். இது எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. 2018-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கைப்படி, நடுவில் தடுப்பு இல்லாத இது போன்ற சாலையில் காருக்கு 70, சரக்கு வண்டிக்கு 60. ஊருக்குள் பலகை வைத்திருந்தால் அதற்கும் குறைவு. தெரிந்திருந்தால் மெதுவாகப் போயிருப்பேனா என்று கேட்டால், அன்றைக்கு மெதுவாகப் போயிருக்க மாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அபராதம் ஆயிரம் ரூபாய். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அசல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்தார்கள். நம்ம ஓட்டுநர்கள் பலர் அந்த ரசீதைச் சட்டைப் பையில் கசக்கிப் போட்டுவிட்டு, லைசென்ஸ் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ரசீதுக்கு மதிப்பு உண்டு. அதில் தேதி ஏதும் குறித்திருந்தால் அதுவரைக்கும், இல்லாவிட்டால் லைசென்ஸ் திரும்பி வரும்வரைக்கும் ஓட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் லைசென்ஸை வாங்கி அனுப்பத்தான் செய்கிறது. நிறுத்திவைப்பதா வேண்டாமா என்று முடிவு எடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலரான ஆர்.டி.ஓ. அதுவும் நம்மைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் எடுக்க வேண்டும்.

முதலாளியிடம் போனில் சொன்னேன். "ஆயிரம்தானே, நான் கட்டிர்றேன். நீ லோடைக் கொண்டு போய்ச் சேரு" என்றார். ஆயிரத்தை அன்றைக்கே கட்டவும் செய்தார்.

பதினாறு நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்து நோட்டீஸ் வந்தது. உரிமத்தை ஏன் மூன்று மாதம் நிறுத்திவைக்கக் கூடாது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் கொடுங்கள் என்று. டீக்கடையில் காட்டினேன். ஆளுக்கு ஒரு யோசனை. "அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்னு எழுதுடா" என்றான் கூட ஓட்டுகிற ஒருத்தன். வீட்டுக்கு வந்து அப்படியே எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதியிருப்பேன். எதிரே திண்ணையில் அம்மா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தது. தலையும் குடலும் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "என்னப்பா எழுதுறே?" என்று கேட்டது. பேப்பரைக் கிழித்துவிட்டேன். வேறு பேப்பர் எடுத்து நடந்ததை எழுதினேன். வேகமாகப் போனது உண்மை, சரக்கு வண்டிக்கு 60 என்று தெரியாது, ஏழு மணிக்குள் ராமநாதபுரம் சேர வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

விசாரணை என்றதும் கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்துபோனேன். ஒரு மேசை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அதிகாரி. கடிதத்தைப் படித்தவர் ஏழு மணி என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"எங்கே இருந்து கிளம்புனீங்க?"

"தொண்டி சார். ஆறு அஞ்சுக்கு."

"நடுவுல எங்கயாச்சும் நிறுத்துவீங்களா?"

"முள்ளிமுனை விலக்குல ரெண்டு பெட்டி, திருப்பாலைக்குடியில மூணு பெட்டி ஏத்தணும். ஒரு இடத்துக்கு ஏழு நிமிசம் ஆகும்."

என் கடிதத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். தொண்டியில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர். இருப்பது 55 நிமிசம். பெட்டி ஏற்ற 14 போனால் 41 நிமிசம். சராசரி 73 வருகிறது. ஊருக்குள் மெதுவாகப் போகிற நேரம், தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கோயிலுக்கு வருகிற ஜனம் ரோட்டைக் கடக்கிற நேரம், ஆட்டு மந்தை குறுக்கே வருகிற நேரம் எதுவுமே அதில் இல்லை. "இது அறுபதுல ஓட்டி முடியற காரியம் இல்லையே, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதினாலு வருசத்தில் நான் ஒரு நாளும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. ராமநாதபுரத்தில் இருந்து ஏழு மணிக்கு, மீனை ஏற்றிப் போகிற கூலர் லாரி கிளம்பிவிடும், அதற்குள் போய்விட வேண்டும். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த கணக்கு.

ஆனாலும் மூன்று மாதம் போட்டார். வேறு வழி இல்லை என்றும் சொன்னார். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது: அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, போதையில் ஓட்டுவது, ஓட்டும்போது செல்போன், சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, இந்த ஆறுக்கும் குறைந்தது 3 மாதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்திலேயே முதல் தடவைக்கு மூன்று மாதம், மறுபடி மாட்டினால் உரிமமே ரத்து. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார். நான் செய்யவில்லை. வேகமாகப் போனேன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு எதை மறுக்கப் போகிறேன்?

உத்தரவு மார்ச் 9. திரும்பக் கிடைப்பது ஜூன் 8.

முதல் வாரம் ராத்திரி தூக்கமே இல்லை. ஒரு நாளைக்கு 800 ரூபாய் சம்பளம் நின்றுபோனது. என் சீட்டில் அன்று சாயங்காலமே வேறொரு பையன் உட்கார்ந்துவிட்டான். அதே வண்டி, அதே லோடு, அதே ஏழு மணி. தொண்டியிலும் சோளியக்குடியிலும் பெட்டி தூக்கப் போனேன், ஒரு நாள் கிடைக்கும் ஒரு நாள் கிடைக்காது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் அதுவும் குறைந்தது. எங்கள் கரையில் தடை என்றால் அது கடல் தடைதான். 61 நாள், ஜூன் 14 வரைக்கும். விசைப்படகு எல்லாம் ஒரே நாளில் கரையேறும், ஒரே நாளில் இறங்கும். நீ ஏன் போகவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நிவாரணம் என்று அரசு ஒரு தொகை கொடுக்கும். என் தடையில் நான் ஒருத்தன் மட்டும் கரையேறி நின்றேன், மற்ற வண்டியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வலித்தது அதுதான். இது நியாயமா என்று நாளுக்குப் பத்து தடவை எனக்குள்ளேயே கேட்டேன்.

அந்த நேரத்தில் ராமேசுவரம் போகிற சுற்றுலாக் கார்களைப் பார்த்தால் வயிறு எரியும். நூற்றிருபதில் பறப்பான். அவன் மாட்டினாலும் மூன்று மாதம்தான், நான் மாட்டினாலும் மூன்று மாதம்தான். அவன் டிரைவர் வைத்துக்கொள்வான், இல்லையென்றால் ரயிலில் போவான். என் வீட்டில் அரிசி வாங்குகிற காசு அந்த அட்டையில் இருந்து வருகிறது. இன்னொன்று, 65-ல் போனவனுக்கும் 120-ல் போனவனுக்கும் நம் சட்டத்தில் அளவு ஒன்றுதான். எத்தனை கிலோமீட்டர் அதிகம் என்று பார்த்துத் தண்டனை கூடுவதில்லை, அபராதம்கூட வண்டியின் வகையைப் பார்த்துத்தான். இது சரியில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். கொஞ்சம் மீறினவனுக்கு ஒரு மாதம், கண்மண் தெரியாமல் போனவனுக்கு ஆறு மாதம் என்று இருந்தால் யாருக்கும் மனசு ஆறும்.

மே மாதம் என்று நினைக்கிறேன். எங்கள் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் நாலு நாளாக வரவில்லை. வீட்டுக்காரி விடியற்காலை தள்ளுவண்டியை எடுத்தாள். நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வண்டியைத் தெரியும்: நாலு சக்கரம், மேலே கம்பிச் சட்டம், ஆறு பிளாஸ்டிக் குடம். ரோட்டோரமாகவே முக்கால் கிலோமீட்டர் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது ஆறு குடமும் நிறைந்திருந்தது. பின்னால் இருந்து ஒரு பிக்கப் வந்தது. சத்தம் எனக்கு முன்னாலேயே அவளுக்குக் கேட்டிருக்கிறது. சட்டென்று வண்டியை மண்ணில் இறக்கினாள், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள், ரோட்டுக்கு முதுகைக் காட்டி ரெண்டு கையாலும் முன் குடங்களை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி போனது. காற்று அறைந்த வேகத்தில் பின் குடத்துத் தண்ணீர் தளும்பி என் காலில் கொட்டியது. அவள் முந்தானையை விட்டுவிட்டு மறுபடி தள்ள ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

"எப்பவும் இப்படித்தான் நிப்பியா?" என்று கேட்டேன்.

"நீங்க போகும்போதும் இப்படித்தான் நிப்போம்" என்றாள்.

88-ல் போனால் ஒரு நொடிக்கு 24 மீட்டர். 60-ல் 17 மீட்டர்கூட வராது. மாட்டின பிறகு போனில் போட்டுப் பார்த்த கணக்கு அது. அன்று காலையில்தான் ரெண்டுக்கும் நடுவே உள்ள ஏழெட்டு மீட்டர் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தேன். என் வீட்டுக்காரிக்கும் அவளுக்கு முன்னால் போன தண்ணி வண்டிக்கும் நடுவில் இருந்த தூரம் அது.

அதற்குப் பிறகு நியாயமா என்ற கேள்வியை நான் வேறு மாதிரிக் கேட்டேன். அபராதத்தை முதலாளி கட்டினார். பத்து தடவை மாட்டினாலும் கட்டுவார். டீசல், ஐஸ், கூலி, அபராதம் என்று செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். ஏழு மணி அப்படியேதான் இருக்கும். லைசென்ஸை நிறுத்துவதை மட்டும் எனக்குப் பதிலாக இன்னொருவர் அனுபவித்துக் கொடுக்க முடியாது. அந்த வகையில் இந்தத் தண்டனை சரி என்றுதான் முடிவுக்கு வந்தேன். பாதிதான் சரி என்பதும் கூடவே தெரிந்தது. நிறுத்தியது என்னை மட்டும். நேரம் குறித்தவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதைத் தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். அவர்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவை எடுத்து வாசித்துக் காட்டினார். வேகமாக ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, தன்னிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்ட வைப்பவரும் குற்றவாளிதான். அதிலேயே இன்னொரு உட்பிரிவு: இத்தனை மணிக்குள் போய்ச் சேர் என்று உத்தரவு போட்டு, அந்த நேரத்துக்குள் வேக வரம்பை மீறாமல் போகவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், உத்தரவு போட்டவர் குற்றம் செய்ததற்கு அந்த உத்தரவே முதல்நோக்குச் சான்று. மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். அதிகாரி என் கடிதத்தின் ஓரத்தில் போட்ட கணக்கு இதுதானே! சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கரையில் ஒரு முதலாளி மேலாவது அதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

இந்த மூன்று மாதத்தில் ரெண்டு பேர் "ராத்திரி வண்டி ஓட்டு, யாரு பார்க்கப் போறா" என்று கூப்பிட்டார்கள். போகவில்லை. நிறுத்திவைத்த காலத்தில் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்து ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை நம் பக்கமே திருப்பிக் கேட்கும். வீட்டில் நகை ஒன்று அடகுக்குப் போனது. பரவாயில்லை.

லைசென்ஸ் சும்மா திரும்பி வராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் தருவார்கள். அதை ஜூன் வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், மே கடைசியிலேயே முடித்துவிடுங்கள். அட்டையைக் கையில் வாங்கினதும் பதிவில் தடை நீங்கிவிட்டதா என்று அங்கேயே நின்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். ரோட்டில் கருவியில் எண்ணைத் தட்டினால் வருவது அந்தப் பதிவுதான்.

ஜூன் 9 காலை முதலாளி போன் செய்தார். மாற்றாளாக வந்த பையன் சோளியக்குடிப் பக்கம் கண்ணாடியை உடைத்துவிட்டானாம். "நாளைலேர்ந்து வந்துரு தம்பி. ஏழு மணி ஞாபகம் இருக்குல்ல?"

"வர்றேன் முதலாளி. கிளம்புற நேரம், சேர வேண்டிய நேரம் ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி உங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. வண்டியில வச்சிருக்கேன்."

எதுக்கு என்று கேட்டார். 183-ஐச் சொன்னேன். அதிகாரி போட்ட 73-ஐயும் சொன்னேன். தண்ணி வண்டியையும் சொன்னேன், குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தம் இல்லை. பிறகு, லாரிக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பேப்பர் வரவில்லை. சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, லாரி ஏழே முக்காலுக்குக் கிளம்பும், ஐஸ் மட்டும் ஒரு கை கூடுதலாகப் போட்டுக்கொள் என்றார். மறுநாள் நாட்டுப்படகு மீன் ஏழு பெட்டி ஏற்றிக்கொண்டு தொண்டியில் இருந்து 6.10-க்குக் கிளம்பினேன். உப்பூர் நேர்ச்சாலையில் முள் 58-ல் நின்றது. திருப்பாலைக்குடியில் பெட்டி ஏற்றிவிட்டு வெளியே வரும்போது முன்னால் நாலு தண்ணி வண்டி வரிசையாகப் போனது. வேகத்தைக் குறைத்து, எதிரே வண்டி இல்லாததைப் பார்த்து, நன்றாக வலப்பக்கம் ஒதுங்கித் தாண்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். யாரும் வண்டியை மண்ணில் இறக்கியிருக்கவில்லை. ராமநாதபுரம் பைபாஸில் போய் நின்றபோது 7.30. லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.